பால் பைத்தான் இரை எடுக்க மறுக்கிறதா? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாம்பு வீட்டுக்கு வந்து 12 நாள் ஆகிவிட்டது. இரண்டு முறை எலி வைத்துப் பார்த்தாயிற்று. முதல் முறை முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் முறை எலியைக் கண்டதும் பந்தாகச் சுருண்டு தலையை நடுவே ஒளித்துக்கொண்டது. பட்டினியிலேயே செத்துவிடுமோ என்று தொட்டியருகே உட்கார்ந்து கலங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காக எழுதியது.

நல்ல உடம்போடு வந்த பால் பைத்தான் இரண்டு மூன்று வாரம் இரை எடுக்காமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில்கூடத் தாங்கும். பெரும்பாலும் பட்டினியைவிட, பட்டினியைப் பார்த்துப் பதறி நாம் செய்யும் வேலைகள்தான் பாம்பைக் கெடுக்கின்றன. என் முதல் பாம்பு 7 வாரம் எதையும் தொடவில்லை. அந்த 7 வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் எலியைக் காட்டினேன். தொட்டியை அறைக்கு அறை மாற்றினேன். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டினேன். பழகட்டுமே என்று தினமும் கையில் எடுத்தேன். கோளாறு வேறெங்கோ இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாம்பின் சுபாவம்

பெயரிலுள்ள ‘பால்’ குடிக்கும் பால் இல்லை, பந்து. பயந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் வழக்கத்தால் வந்த பெயர். ஐரோப்பாவில் இதையே ராயல் பைத்தான் என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் புல்வெளி, காட்டோரம், விளைநிலம் என்று வாழ்கிற சிறிய மலைப்பாம்பு இது. பகலெல்லாம் எலி வளையிலோ கரையான் புற்றிலோ அடைந்து கிடக்கும். இருட்டிய பிறகுதான் வெளியே வரும். துரத்தி வேட்டையாடாது. ஓரிடத்தில் அசையாமல் காத்திருந்து, அருகில் வந்ததைக் கொத்திச் சுருட்டிக்கொள்ளும். மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரையின் உடற்சூட்டை இருட்டிலும் அவற்றால் உணரும்.

உங்கள் சிக்கலுக்கு முக்கால்வாசி விடை இதிலேயே இருக்கிறது. உடம்பை ஒட்டி அணைக்கிற பொந்து இல்லாவிட்டால் இந்தப் பாம்புக்கு நிம்மதி கிடையாது. நிம்மதி இல்லாத பாம்பு வேட்டையாடாது. பட்டப்பகல் வெளிச்சத்தில் நாலு பேர் சுற்றி நின்று பார்க்க, அது இரை எடுக்கப்போவதில்லை. ஆறிப்போன எலி அதன் உதட்டுக் குழிகளுக்கு ஏறக்குறையக் கல்லுக்குச் சமம்.

பட்டினி கிடப்பதும் அதன் உடம்புக்குப் புதிதல்ல. முட்டையிட்ட தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, பொரியும்வரை ஏறக்குறைய 2 மாதம் இரை தேடாமலே கிடக்கும். மலைப்பாம்புகள் நம்மைப் போல வேளைக்கு வேளை சாப்பிடப் படைக்கப்பட்டவை அல்ல. பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள், இரை விழுங்கிய ஓரிரு நாளில் அதன் குடலும் கல்லீரலும் இதயமும்கூடப் பெருத்து, செரித்து முடித்ததும் மறுபடி சுருங்குவதைக் கண்டிருக்கிறார்கள். வயிறு காலியாக இருக்கும் நாட்களில் அவை செலவைக் குறைத்துக்கொண்டு வாழத் தெரிந்த பிராணிகள்.

முதல் வேலை: 10 நாள் சும்மா விடுங்கள்

பாம்பு வந்த நாளிலிருந்து 7 முதல் 10 நாள் வரை அதைத் தொடாதீர்கள், எலியும் காட்டாதீர்கள். தண்ணீரை மாற்றலாம், கழிவு கிடந்தால் எடுக்கலாம், சூட்டுமானியைப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். புதிதாக வந்த பாம்பை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்ட ஆசையாகத்தான் இருக்கும். அந்த ஆசையை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நம் கைப்பிடி அதற்குப் பாசமாகத் தெரிவதில்லை. தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஒன்று பொந்திலிருந்து தன்னைப் பிடித்து இழுக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

இந்த 10 நாளில் பாம்பைக் கொடுத்தவரிடம் பேசுங்கள். என்ன கொடுத்து வந்தார், சுண்டெலியா பெரிய எலியா? உயிருள்ளதா, கொன்றதா, உறையவைத்து இளக்கியதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை? கடைசியாக எப்போது இரை எடுத்தது? எந்த மாதிரிப் பெட்டியில் இருந்தது? பழைய இடத்தில் உயிருள்ள சுண்டெலி தின்று பழகியதற்கு நீங்கள் உறைந்த பெரிய எலியை வைத்திருந்தால், அதை இரை என்றே அது அறியாமல் இருக்கலாம். பண்ணையில் பிறந்து, பலமுறை தானாக இரை எடுத்த குஞ்சா, காட்டில் பிடித்த தாயின் முட்டையிலிருந்து பொரிந்து இறக்குமதியானதா என்பதையும் கேளுங்கள். இரண்டாம் வகைக் குஞ்சுகள் இரைக்குப் பழகக் கூடுதல் நாள் எடுக்கும். அவற்றோடு ஒட்டுண்ணிகள் வரும் வாய்ப்பும் அதிகம்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்முன்னால் இரை எடுக்கிற பாம்பை மட்டும் வாங்குங்கள். உங்கள் பகுதியில் இதை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறதா, என்ன பதிவு வேண்டும் என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். வந்த பிறகு பார்ப்பது தாமதம்.

சூட்டை அளந்து பாருங்கள், நம்பாதீர்கள்

என் பாம்பின் கதைக்கு வருகிறேன். தொட்டியோடு வந்த வட்டமான முள்மானியைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். அது எப்போதும் 32 டிகிரி காட்டியது. எனக்கும் திருப்தி. ஏழாவது வாரம் கம்பி உணரி உள்ள டிஜிட்டல் மானி ஒன்றை வாங்கி, பாம்பு படுக்கும் இடத்தில், தரையோடு தரையாக வைத்தேன். 26 டிகிரி. சூடான பக்கம் என்று நான் நினைத்திருந்த இடம் அது. குளிர்ந்த பக்கம் 22. அந்தக் குளிரில் இரையை விழுங்கினாலும் சரியாகச் செரிக்காது, வயிற்றிலேயே அழுகவும் கூடும். பாம்பின் உடம்புக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

பாம்புக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் போய்வந்துதான் சரிசெய்துகொள்ளும். அதனால் தொட்டியின் ஒரு முனையில், பொந்துக்குள் தரைமட்டத்தில் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மறுமுனையில் 25 முதல் 27. இரவில் எங்கும் 23-க்குக் கீழே இறங்காமல் பாருங்கள். அளவு எடுக்க டிஜிட்டல் மானி இரண்டு வாங்குங்கள், முனைக்கு ஒன்றாக. துப்பாக்கி வடிவில் வரும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றும் இருந்தால் நல்லது. தரையின் சூட்டையும், பின்னால் எலியின் சூட்டையும் ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

சூடு தருவது அடியில் விரிக்கும் ஹீட் மேட்டோ, மேலிருந்து சுடும் செராமிக் ஹீட்டரோ, எதுவானாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்சாரத்தில் செருகாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத ஹீட் மேட் வயிற்றுத் தோலை வெந்துபோகச் செய்யும் அளவுக்குச் சூடேறும். சூடு அதிகமானால் பாம்பு உடனே விலகிப் போய்விடும் என்று நம்பியிருக்காதீர்கள். அடியிலிருந்து வரும் சூட்டில் வெந்தபடியே படுத்திருந்த பாம்புகள் உண்டு. மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கற்களும் வேண்டாம். செராமிக் ஹீட்டர் தொட்டிக்குள் இருந்தால் சுற்றிலும் கம்பிக் கூடு கட்டாயம். இரவில் சிவப்பு, நீல விளக்குகள் தேவையில்லை. இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

ஈரப்பதம் 55 முதல் 65 விழுக்காடு. சட்டை உரிக்கும் நாட்களில் 70 வரை போகலாம். கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் ஈரம் நிற்காது. வலையின் பெரும்பகுதியை அலுமினியத் தாளால் மூடிவிட்டு, காற்றுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். தரைக்குத் தேங்காய் நார்த்தூள் நன்றாக ஈரம் பிடிக்கும். ஆனால் கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற ஈரம் கூடாது, வயிற்றுச் செதில்கள் புண்ணாகிவிடும். தேவதாரு மரச்சீவல் வேண்டாம். அதன் மணமே பாம்புக்குக் கேடு.

பொந்து

சூடு சரியாக இருந்தும் இரை எடுக்காவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது மறைவிடம். பலர் வைக்கிற அழகான பாறைக் குகைகள் வாய் அகலமாக, உள்ளே விசாலமாக இருக்கும். நமக்கு அது குகையாகத் தெரியலாம். பாம்புக்கு அது திண்ணை. நல்ல பொந்துக்கு ஒரே வாசல், பாம்பு நுழையும் அளவுக்கு மட்டும். உள்ளே சுருண்டு படுத்தால் பக்கச் சுவரும் மேல்கூரையும் உடம்பில் உரச வேண்டும். கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, விளிம்பை மழுக்கிவிட்டால் போதும். விலை உயர்ந்த குகையைவிட அது பாம்புக்குப் பிடிக்கும்.

இரண்டு பொந்து வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி. சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் பாம்பு சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். குளிர்ந்த பொந்திலேயே நாட்கணக்கில் கிடந்து, உடம்பு குளிர்ந்து, பசியும் போய்விடும்.

குஞ்சுக்குப் பெரிய தொட்டி ஆகாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் அனுபவத்தில் அளவு குற்றமில்லை, வெட்டவெளிதான் குற்றம். பெரிய தொட்டியென்றால் இலைக்கொத்துகள், மரப்பட்டை, அட்டைக் குழாய், நொறுக்கிய தாள் என்று நிறைத்துவிடுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளியே தெரியாமல் போக அதற்கு வழி இருக்க வேண்டும். கண்ணாடியின் மூன்று பக்கத்தையும் வெளியிலிருந்து கெட்டித் தாளால் மறையுங்கள். தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, அடித்து மூடும் கதவு இவற்றுக்குப் பக்கத்தில் தொட்டி இருக்கக் கூடாது. தரை அதிர்வது அதன் தாடை வழியே நேரே உள்ளே போகும். பூனையோ நாயோ வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பொந்தும் உதவாது.

இது சாதாரண மறுப்பா?

சில மறுப்புகளுக்கு மருந்து வேண்டாம். கண் பால்படிந்தது போல் நீலமாகி, வயிறு இளஞ்சிவப்பாகி, நிறம் மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது. அந்த ஒன்றிரண்டு வாரம் பெரும்பாலானவை இரை எடுக்கா. எலி காட்டவும் வேண்டாம். உரித்து முடித்த சில நாளில் நல்ல பசி இருக்கும், அந்த நாளைக் குறித்து வையுங்கள்.

வளர்ந்த ஆண்கள் இணைசேரும் பருவத்தில், குளிர் மாதங்களில், பல வாரம் மறுப்பது வழக்கம். பெண்களும் முட்டைக்குத் தயாராகும்போது நிறுத்தும். நன்றாகத் தின்று வந்த இளம் பாம்பு ஒரு கிலோவை நெருங்கும்போது திடீரென்று நிறுத்திவிட்டு, மாதங்கள் கழித்து ஒன்றுமே நடக்காததுபோலத் தொடர்வதையும் பார்த்திருக்கிறேன்.

முட்டையிலிருந்து வந்து இன்னும் ஒருமுறைகூட இரை எடுக்காத குஞ்சு மட்டும் வேறு கணக்கு. அதற்குச் சேமிப்பு குறைவு. முதல் சட்டை உரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் எதையும் தொடவில்லை என்றால், தனியாகப் போராடாமல் அனுபவசாலியையோ மருத்துவரையோ பாருங்கள்.

நாட்களை எண்ணாதீர்கள், கிராமை எண்ணுங்கள்

சமையலறைத் தராசு போல ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் டிஜிட்டல் தராசு வாங்குங்கள், பாம்புக்கென்று தனியாக. நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான். மூடியுள்ள லேசான டப்பாவை அதன்மேல் வைத்துப் பூச்சியமாக்கி, பாம்பை உள்ளே விட்டு, எண்ணைப் பார்த்து, திரும்ப விட்டுவிடுங்கள். முதல் 10 நாள் முடிந்த பிறகு வாரம் ஒருமுறை, ஒரே நாளில். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது.

தேதி, எடை, சூடான பக்கம் எத்தனை டிகிரி, குளிர்ந்த பக்கம் எத்தனை, ஈரப்பதம், இரை காட்டினேனா, என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். “ரொம்ப இளைத்துவிட்டதோ” என்ற கலக்கத்துக்கு அந்த நோட்டுதான் பதில் சொல்லும். 600 கிராம் பாம்பு இரண்டு மாதம் தின்னாமல் 590 இருந்தால், அது பட்டினி கிடக்கவில்லை, ஓய்வெடுக்கிறது. அதுவே 540-க்கு வந்துவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், மருத்துவரிடம் காட்டும் நேரம் வந்துவிட்டது. கழிவு போட்ட மறுநாள் எடை சட்டென்று இறங்கித் தெரியும். அது சதை இறக்கமில்லை, பயப்படாதீர்கள்.

எடையோடு உடம்பின் வடிவத்தையும் பாருங்கள். குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக மனதில் நினைத்துக்கொண்டால், உருண்டையாகவோ முனை மழுங்கிய முக்கோணமாகவோ இருக்க வேண்டும். முதுகெலும்பு கத்தி முனையாகத் துருத்தி, பக்கங்கள் உள்ளே விழுந்து, தோல் மடிந்தால் அது மெலிவு.

இரை வைக்கும் இரவு

10 நாள் போயிற்று, சூடு சரி, பொந்து சரி, சட்டை உரிப்பும் இல்லை. இப்போது முயலலாம்.

எலியின் அளவு பாம்பு உடம்பின் மிகப் பருத்த பகுதியளவு இருக்கலாம். இளம் பாம்புக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், வளர்ந்ததற்கு அதைவிடக் குறைவு. மறுக்கிற பாம்புக்கு முதல் சில முறை வழக்கத்தைவிடச் சிறிய எலியே நல்லது. பெரிய எலியைக் கண்டு பயந்து சுருளும் பாம்புகள் நிறைய உண்டு.

உறைந்த எலியை முந்தைய இரவே, மூடிய பையில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். இளகிவிடும். இரை வைக்கும் மாலையில் அதே பையோடு, கை தாங்கும் சூட்டிலுள்ள நீரில் 15 முதல் 20 நிமிடம் அமிழ்த்துங்கள். கொதிநீர் வேண்டாம், எலி வெந்து வயிறு வெடிக்கும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஓரிடம் பச்சையாகவும் ஓரிடம் வெந்தும் போகும். கடைசி ஒரு நிமிடம் தலைப்பகுதியை மட்டும் கொஞ்சம் கூடுதல் சூட்டில் பிடியுங்கள். வெளிப்புறம் 38 முதல் 40 டிகிரி இருக்க வேண்டும், தலை மற்ற இடத்தைவிடச் சற்றே சூடாக. பாம்பு தலையைத்தான் தேடும். பிறகு ஈரத்தைத் துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் ரோமத்தை உலர்த்துங்கள். அந்தக் காற்றோடு எலி வாடை அறையெங்கும் பரவும். பாதிப் பசியை அதுவே கிளப்பிவிடும். இதையெல்லாம் செய்யும்போது அவசரப்படாதீர்கள். முன்பு நான் வெறும் வெதுவெதுப்பில் எலியைக் கொடுத்து மறுக்கப்பட்டதெல்லாம், நாலைந்து டிகிரி கூட்டியதும் ஏற்கப்பட்டது.

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் ஆகட்டும். பக்கத்து அறையிலிருந்து வரும் மங்கிய ஒளி நமக்குப் போதும். தொட்டியைப் பாருங்கள். பொந்தின் வாசலில் தலையை மட்டும் நீட்டி, கழுத்தை வளைத்து, அசையாமல் இருக்கிறதா? அது காத்திருக்கிற கோலம், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல தருணம். பொந்தின் அடியில் சுருண்டு கிடக்கிறதென்றால் இன்றைக்கு அதைத் தொந்தரவு செய்யாமல், வாசலில் எலியை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

நீளமான இடுக்கியால் எலியின் இடுப்பையோ வாலின் அடியையோ பிடியுங்கள். இடுக்கி 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் எலியோடு உங்கள் கையும் சூடான இரையாகத் தெரியும். மேலிருந்து இறக்காதீர்கள். அதற்கு மேலிருந்து வருவதெல்லாம் பருந்து. தரையோடு தரையாக, ஓரடி தள்ளி, பாம்பைக் கடந்து போகிற எலிபோல மெல்ல நகர்த்துங்கள். நாக்கை நீட்டி நீட்டி முகர்ந்தால் அசைவைக் குறையுங்கள், ஒரு காது துடிப்பது போல் லேசாக. மூக்கில் கொண்டுபோய் இடிக்காதீர்கள். பலர் செய்கிற தவறு இது. எந்த எலியும் பாம்பின் மூக்கைத் தேடிப் போய் முட்டுவதில்லை.

கொத்திச் சுருட்டிவிட்டால் அந்த இடத்திலேயே உறைந்து நில்லுங்கள். பிறகு மெல்லப் பின்வாங்கி, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். மகிழ்ச்சியில் விளக்கைப் போட்டுப் படம் எடுக்கப் போனால் எலியைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளும். 10 நிமிடம் காட்டியும் ஆர்வமில்லை என்றால், ஒரு சிறு தட்டில் எலியைப் பொந்து வாசலில் வைத்து, தொட்டிமேல் துணியைப் போர்த்திவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கிடந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். மறுபடி உறையவைத்துப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்த முயற்சி 7 நாள் கழித்துத்தான். நாளைக்கும் மறுநாளும் காட்டினால், எலி வாடை வரும்போதெல்லாம் தொந்தரவும் வருகிறது என்று அது பழகிவிடும்.

இன்னும் மறுத்தால்

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது, பாம்பும் மிரளும்.

முதலில் பழைய இடத்தில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே கொடுத்துப் பாருங்கள். சுண்டெலி தின்றதென்றால் சுண்டெலி. பிறகு மெல்லப் பெரிய எலிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு எளிய வழி, பெரிய எலியின் மேல் சுண்டெலி படுத்த படுக்கைத் துகளைத் தேய்ப்பது. உயிருள்ளதற்குப் பழகிய பாம்பென்றால், அப்போதுதான் கொன்ற எலியில் தொடங்கி, அது நன்றாக எடுத்த பிறகு உறைந்ததற்கு வரலாம். எலியின் மண்டையில் சிறிய கீறல் போட்டு உள்வாடை வரச் செய்வதும் பிடிவாதக்காரப் பாம்புகளிடம் பலிக்கும். பார்க்க மனம் கூசுகிற வேலைதான், ஆனால் பயன் உண்டு.

பெட்டியை மாற்றிப் பார்ப்பது கடைசி வழிகளில் ஒன்று. தொட்டி முழுக்கச் சரிசெய்தும் ஒரு மாதத்துக்கு மேல் மிரண்டே கிடக்கிற பாம்பை, சிறிய, ஒளிபுகாத, காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்கு, அதே சூட்டோடு சில வாரம் மாற்றினால் பல நேரம் இரை எடுக்கத் தொடங்கும். இரைக்காக மட்டும் அவ்வப்போது வேறு பெட்டிக்குத் தூக்கிப் போவதை நான் ஏற்கமாட்டேன். வெட்கப்படுகிற பாம்பைச் சாப்பாட்டு நேரத்தில் கையில் எடுப்பதே பசியைக் கெடுப்பது.

உயிருள்ள வளர்ந்த எலியைப் பாம்போடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். பசியில்லாத பாம்பு எதிர்க்காது. எலி கடித்துக் குதறிவிடும், கண் போகும், முதுகெலும்புகூடத் தெரியும் அளவுக்குப் புண்ணாகும். சில நாடுகளில் உயிருள்ள பிராணியை இரையாக்கச் சட்டமும் தடை போடுகிறது.

வாயைத் திறந்து எலியைத் திணிக்காதீர்கள். அதன் உணவுக்குழாய் கிழியலாம். கிழியாவிட்டாலும், அன்றைக்கு அது பட்ட பாடு பின்னால் வரும் பல மாதங்களுக்குப் போதும். அது மருத்துவர் முடிவெடுத்து, மருத்துவர் கையால் நடக்க வேண்டியது. பசியைத் தூண்டுவதாகச் சொல்லி விற்கிற சொட்டு மருந்துகளையும் விட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் எப்போது

எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் என்று சொன்னேன். எடை நிலையாக இருந்தாலும் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. வாயைத் திறந்தபடி மூச்சு விடுதல், மூச்சில் சளிச் சத்தம், மூக்கிலோ வாயிலோ குமிழி, இவை நுரையீரல் தொற்றைக் காட்டும். ஈறு சிவந்து சீழ் கட்டியிருந்தால் வாய்ப்புண், அந்த வலியில் எப்படிக் கொத்தும்? தண்ணீர்க் கிண்ணத்திலேயே நாள் முழுக்கக் கிடந்து, கண்ணோரத்திலும் தாடைக்கடியிலும் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் ஊர்ந்தால் உண்ணி. தலையை வானம் பார்த்து வளைத்தபடி இருப்பது, கவிழ்த்தால் தானாக நிமிர முடியாமை, விழுங்கியதைத் திரும்பத் திரும்பக் கக்குவது ஆகியவற்றுக்கு அன்றைக்கே போக வேண்டும். சில வைரஸ் நோய்களும் இப்படித்தான் தலைகாட்டும். வீட்டில் வேறு பாம்பு இருந்தால் புதியதைத் தனி அறையில், தனிக் கருவிகளோடு வைத்திருங்கள். 3 மாதம் அப்படி வைப்பது நல்லது.

ஒரு விதிவிலக்கு. ‘ஸ்பைடர்’ என்ற நிறவகைப் பாம்புகளுக்குப் பிறவியிலேயே தலை ஆடும் குறை உண்டு. குறி தவறிக் கொத்தும், பிறகு சோர்ந்து விட்டுவிடும். பாம்புக்கு விருப்பமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எலியைத் தரையில் அசையாமல் வைத்துக் கொடுத்தால் எடுக்கும்.

எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் பாம்பு பழக்கமில்லை. ஊர்வன பார்க்கிறவர் யார், எங்கே என்று பாம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். போகும்போது நோட்டையும், இருந்தால் ஒரு நாளுக்குள் போட்ட கழிவையும் கொண்டுபோங்கள். ஒட்டுண்ணி இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள்.

இரை எடுத்த பிறகு

இரை எடுத்த மலைப்பாம்பு போல என்று சும்மா சொல்லவில்லை. அது அசையாமல் கிடக்கட்டும். குறைந்தது 48 மணி நேரம் தொடக் கூடாது. தொட்டால் கக்கிவிடும். கக்கிவிட்டால் 10 முதல் 14 நாள் வரை எதுவும் காட்டாமல், முதலில் சூட்டை மறுபடி அளந்து, பிறகு பாதி அளவு எலியில் தொடங்குங்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகும் அப்படியே, சிறிதாக. இழந்த எடையை ஒரே மாதத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று பெரிய எலியைக் கொடுத்தால் மெலிந்த உடம்பு தாங்காது.

பழைய ஒழுங்குக்கு வந்ததும் குஞ்சுக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, இளம் பாம்புக்கு 7 முதல் 10 நாள், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஒருமுறை எடுத்துவிட்டதே என்று உடனே கையில் எடுக்காதீர்கள். என் பாம்பு சூட்டைச் சரிசெய்த ஒன்பதாம் நாள் இரவு முதல் எலியை எடுத்தது. மறுநாளே அதைத் தூக்கிக் கொஞ்சியதில் இன்னும் இரண்டு வாரம் போயிற்று. அடுத்தடுத்து மூன்று முறை, தயங்காமல், தானாக எடுக்கட்டும். மூன்றாவது இரை செரித்து முடிந்த ஒரு மாலையில், எலி வாடை துளியும் இல்லாமல் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து, உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கி எடுங்கள். முதல் நாள் 5 நிமிடம் போதும். திரும்ப விட்ட பிறகும் கையைக் கழுவுங்கள், ஊர்வனவற்றின் உடம்பில் வயிற்றுப்போக்கை வரவழைக்கும் சால்மோனெல்லாக் கிருமி இருக்கலாம்.